ருசி பார்க்காத வருஷம்

எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை வந்தால், மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் பெண் எந்த வருஷம் பிறந்தாள் என்றுதான் கிழவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். பந்தியில் என்ன குடிக்கப் போகிறோம் என்பது அதில்தான் இருக்கிறது. குழந்தை பிறந்த வருஷத்து ஒயினில் அப்பன் கொஞ்சம் பாட்டில்களை எடுத்து, நிலவறைச் சுவரில் ஒரு மாடத்தில் படுக்கவைத்து, மேலே சாக்பீஸால் வருஷத்தை எழுதிவிட வேண்டும். அந்தப் பிள்ளையின் கல்யாணம் வரை யாரும் அதைத் தொடக் கூடாது. கோவிலில் சாமியைத் தொட்டால்கூட மன்னிப்பீர்கள், மாடத்தைத் தொட்டால் மன்னிக்க மாட்டீர்கள் என்று பாதிரியார் அலுத்துக்கொள்வார். அவர் வெளியூர்க்காரர், அப்படித்தான் பேசுவார்.

நீவெஸ் பிறந்தது எண்பத்து நாலு அக்டோபரில். அந்த வருஷத்தின் பேரை எடுத்தாலே இந்த மலைச்சரிவில் எல்லோருக்கும் முகம் சுண்டிவிடும். செப்டம்பர் நடுவில் பிடித்த மழை அறுவடை முடிகிற வரைக்கும் விடவில்லை. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, பழுத்ததா அழுகியதா என்று ஒவ்வொரு திராட்சைக் குலையாகப் பிரித்துப் பார்த்துப் பறித்தார்கள். ஆகவே நீவெஸுக்குக் கல்யாணம் என்றதும் காப்பிக்கடையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பொண்ணு தங்கம், வருஷம் தகரம் என்று யாரோ சொல்ல, அதையே ஒரு வாரம் எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

பெண் தங்கம் என்பதில் பொய்யில்லை. நாற்பது வயது. அப்பா எவாசியோவின் தோட்டத்தையும் நிலவறையையும் பதினைந்து வருஷமாக அவள்தான் நடத்துகிறாள். நாக்கோ, கேட்கவே வேண்டாம். துணி சுற்றிய பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு எந்த வருஷம், மலையின் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். மாப்பிள்ளை லீவியோ மேட்டு ஊரில் ஆட்டுப்பால் சீஸ் செய்கிறவன். அதிகம் பேசாதவன். நவம்பர் நடுவில், புது ஒயின் தொட்டியில் கொதித்து அடங்கிய பிறகு கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டில் நீவெஸ் சொன்னாள்:

"ப்பா, ஞாயித்துக்கிழமை என் மாடத்தைத் தொறக்கப் போறேன்."

எவாசியோவின் தொண்டையில் ரொட்டி நின்றது. எழுபத்து நாலு வயது மனிதர். ஒரு மிடறு தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

"இப்ப என்னம்மா அவசரம்? கல்யாணத்தன்னிக்குத் தொறந்துக்கிட்டாப் போச்சு."

"பாட்டிலை நிமித்தி வெச்சு ரெண்டு வாரமாவது ஆகணும்ல? அப்பத்தானே வண்டல் அடியில உக்காரும். ஒண்ணை அன்னிக்கே தொறந்தும் பாத்துடலாம். செத்துப்போயிருந்தா சபையில அசிங்கமாயிடும்."

"எண்பத்து நாலு. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அதைத்தான் பாக்கணும்ங்கறேன். பொறந்ததுலேர்ந்து என் வருஷத்தை ஆளாளுக்குத் திட்டித்தான் கேட்டிருக்கேன். ஒருத்தராவது குடிச்சுப் பாத்துட்டுத் திட்டினாங்களான்னா இல்ல. நான் குடிச்சுப் பாத்துட்டுத் திட்டறேன்."

சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த மாடத்தில் எண்பத்து நாலு இல்லை. மேலே எழுதியிருப்பது மட்டும்தான் எண்பத்து நாலு. உள்ளே படுத்திருந்த அறுபது பாட்டிலும் அடுத்த வருஷத்து எண்பத்தைந்து.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது எவாசியோ மழையில் நனைந்த கோட்டோடு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பெண் குழந்தை என்றார்கள். "சரி, அடுத்தது பையன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல, அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதுதான். ஆனால் சொன்னார். அடுத்த வசந்தத்தில், சமவெளியிலிருந்து மொத்தமாக வாங்குகிறவனின் டேங்கர் லாரி வந்தது. குழாயைப் போட்டு எண்பத்து நாலை முழுசாக உறிஞ்சிக்கொண்டு போனது. மகளுக்கென்று ஒரு குடம்கூட அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கேட்ட மனைவி இர்மாவிடம், கொஞ்சம் தனியாக வைத்திருக்கிறேன் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். நல்ல வருஷம் வரும், பையன் பிறப்பான், அப்போது நூறு பாட்டில் வைக்கலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டம்.

நல்ல வருஷம் வந்தது. பையன் வரவில்லை. இர்மாவுக்கு அப்புறம் குழந்தையே தங்கவில்லை.

எங்கள் ஒயினைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் இன்னொரு அநியாயமும் கண்ணில் படும். நாங்கள் பழைய முறைக்காரர்கள். பழத்தோலைச் சாற்றுக்குள் பலகை வைத்து அமுக்கி ஐம்பது நாள் ஊறவைப்போம். அப்புறம் ஆள் உயரப் பெரிய பீப்பாயில் மூன்று நான்கு வருஷம். சின்ன வயதில் அது யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாது. நிறம் வெளுப்பு, துவர்ப்போ பாக்கை மென்றது போல வாயைப் பிடித்து இழுக்கும். பத்து வருஷம் உம்மென்று கிடக்கும். இருபதில் ஒரு வார்த்தை பேசும். ஐந்து மாசக் குழந்தையாகப் பீப்பாயில் கலங்கிக் கிடந்ததைப் பார்த்து இது தேறாது என்று தீர்ப்புச் சொல்ல எங்கள் ஊரில் ஒருவனுக்கும் உரிமை கிடையாது. எவாசியோவுக்கு அது தெரியாததா? தன் தோட்டத்துக்கு வரும் வியாபாரிகளிடம் அவரே மணிக்கணக்கில் சொன்ன விஷயம்தான். ஆனால் அந்த எண்பத்து நாலை லாரியில் ஏற்றும் முன் அவர் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தாயிற்று, அது போதும் என்று இருந்துவிட்டார்.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஒயின் பாட்டிலுக்கு வந்ததும் அதில் அறுபதை மாடத்தில் அடுக்கி, எண்பத்து நாலு என்று எழுதினார். கெட்டதற்குப் பதில் நல்லதைக் கொடுக்கிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாளாக ஆக, தான் தாராளமாக நடந்துகொண்டதாகவே நம்பவும் ஆரம்பித்துவிட்டார். இர்மா அந்தப் பொய்யை நம்பியபடியே ஆறு வருஷத்துக்கு முன் கண்ணை மூடினாள்.

இப்போது அந்த மகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாய் குடிக்கப் போகிறாள். எண்பத்தைந்து வெயில் குடித்த வருஷம், சதைப்பற்றான ஒயின். விழுங்குவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். புதன்கிழமை ராத்திரி எவாசியோ தூங்கவில்லை.

வியாழக்கிழமை காலை நீவெஸ் விருந்துக்கான சீஸ் பற்றிப் பேச மேட்டு ஊருக்குக் கிளம்பினாள். நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்றாள். அவளுடைய கார் வளைவைத் தாண்டியதும் எவாசியோ தன் மூன்று சக்கர வண்டியில் வைக்கோலைப் போட்டுக்கொண்டு பக்கத்துச் சரிவுக்குப் போனார்.

பக்கத்துச் சரிவு ரெமீஜோவுடையது. இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒன்றாகப் பட்டாளத்தில் இருந்தவர்கள். ஆகையால் ஒருவர் ஒயினை இன்னொருவர் நாற்பது வருஷமாக நல்லது என்று சொன்னதில்லை. ரெமீஜோ எதையும் தூக்கி எறியாதவர். வளைந்த ஆணிகளை நீளவாரியாகத் தனித்தனி டப்பாவில் வைத்திருப்பவர். எண்பத்து நாலை அவர் வைத்திருப்பார் என்பதில் எவாசியோவுக்குச் சந்தேகமே இல்லை. எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

ரெமீஜோ முற்றத்தில் உட்கார்ந்து வாளிக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா இந்தப் பக்கம்? வழி தப்பிட்டியா?"

"ஒரு விஷயம் கேக்கணும்."

"எண்பத்து நாலு வேணும். அதானே?"

எவாசியோ வண்டியிலிருந்த வைக்கோலைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய், அந்த லாரிக்காரன் திரும்பறதுக்கு எடமில்லாம எங்க கோழிக்கூண்டை இடிச்சுட்டுப் போனான். மறக்குமா? பத்திரிகை வந்த அன்னிலேர்ந்து உன்னை எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு வாரம் லேட்டு நீ."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லிட்டா அப்புறம் கல்யாணத்தன்னிக்கு நீவெஸ் ஒரு வாய் குடிச்சுட்டு உன்னைத் திரும்பிப் பாப்பாளே, அந்தக் காட்சியை நான் மட்டும் எப்படி ரசிக்கறது?"

அவரே எழுந்து நிலவறைக் கதவைத் திறந்தார். படிகளில் எவாசியோவுக்கு முன்னால் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மூலையில் ஒரு மாடம். எண்பத்து நாலு. ரெமீஜோவின் மகனும் அதே வருஷம் பிறந்தவன்தான்.

"நாப்பத்தெட்டு இருக்கு. எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"உன் பையனுக்கு?"

"அவன் ரோட்டர்டாம்ல ஏதோ ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். நாலு பேரு. பீர் குடிச்சாங்களாம், போட்டோ அனுப்பினான். ஒயின் அனுப்பட்டுமான்னேன். அதெல்லாம் வேணாம்ப்பா, இங்கயே எல்லாம் கெடைக்குதுன்னான்." ரெமீஜோ ஒரு பாட்டிலின் கழுத்தைத் தடவினார். "யாராவது ஒரு புள்ளை கல்யாணத்துல போகட்டும். லேபிள் இல்ல, தக்கையில முத்திரை இல்ல. உன்னோடதுன்னு வெச்சுக்கோ. ஒண்ணைத் தொறக்கட்டுமா? என்ன கொண்டுபோறேன்னு தெரிஞ்சுக்க வேணாமா? ரெண்டு மணி நேரம் பொறுத்தா நல்லாப் பேசும்."

"நேரமில்லடா. நாலு மணிக்கு அவ வந்துருவா."

ரெமீஜோ அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடியும் உனக்கு நேரமில்ல," என்றார்.

எவாசியோ மாடத்தை நோக்கிக் குனிந்தார். ஒவ்வொரு பாட்டிலாகப் படுத்த வாக்கிலேயே தூக்கி வைக்கோலில் கிடத்தினார். மேடுபள்ளம் வந்த இடத்தில் எல்லாம் வண்டியை நிறுத்தி இறங்கி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீட்டில், அறுபது எண்பத்தைந்தையும் காலிக் குடுவைகளுக்குப் பின்னால் சாக்குக்கு அடியில் மறைத்தார். முதுகு விட்டுப்போயிற்று. மூன்றரை மணிக்கு வேலை முடிந்தது. சுவரில் இருந்த எண்பத்து நாலு என்ற எழுத்து முப்பத்தைந்து வருஷத்தில் முதல்தடவையாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாடா என்று கல்லில் உட்கார்ந்தார். அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, நாம் ஏன் மறைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீவெஸ் மாடத்தைத் திறந்தாள். பாட்டிலை மெழுகுவத்திக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன் இவ்வளவு கலங்கியிருக்கு? நாப்பது வருஷம் அசையாமப் படுத்திருந்த மாதிரியே இல்லையே."

"மழை வருஷம்மா. அப்படித்தான் இருக்கும்."

அவள் தக்கைத் திருகியை எடுத்தாள். தக்கை பாதியில் ஒடிந்தது. மீதியைப் பொறுமையாக நெம்பி எடுத்தாள். இரண்டு கிளாஸில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சூப் ஆயிற்று, மாட்டிறைச்சி ஆயிற்று, ஒரு பேரிக்காயை இரண்டாக நறுக்கித் தின்றார்கள். நீவெஸ் நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வெறும் நிலவறை வாசனை" என்று திரும்பி வந்தாள். எவாசியோ நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். மூன்றாவது தடவை போனவள் திரும்பி வரவில்லை.

கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்தபடி நின்றிருந்தாள். பழைய ஓட்டின் சிவப்பு, ஓரத்தில் ஆரஞ்சு. மூக்கை உள்ளே விட்டு வெகுநேரம் வைத்திருந்தாள். அப்புறம் குடித்தாள். வாயிலேயே வைத்திருந்து, விழுங்கி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"ப்பா."

"என்னம்மா?"

"ரோஜா. காஞ்சுபோன ரோஜா. அப்புறம் தாரு, வெயில்ல புது ரோடு போடுவாங்களே, அந்த வாசனை. கீழ ஈர இலை." இன்னொரு வாய் குடித்தாள். "மெலிசுதான். ஒடம்பு இல்ல. ஆனா நிக்குதுப்பா! நேரா நிக்குது. நாப்பது வருஷம் கழிச்சும் துவர்ப்பு பல்லுல ஒட்டுது பாரு. குடிச்சு முடிச்சும் போக மாட்டேங்குது. பெரிய பணக்காரி மாதிரி வேஷமெல்லாம் போடல. நான் இவ்வளவுதான், இதுதான் நான்னு சொல்லுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீவெஸ் சட்டென்று அழுகிறவள் இல்லை.

"என் வருஷம்ப்பா இது. எல்லாரும் தகரம் தகரம்னாங்களே."

எவாசியோவும் எழுந்து வந்து தன் கிளாஸைக் கையில் எடுத்திருந்தார். அவர் இன்னும் குடிக்கவில்லை. மகள் வந்து அவர் தலையைப் பிடித்து, நெற்றியில் முத்தமிட்டாள்.

"எப்படிப்பா பண்ணினே? அந்தச் சேத்துல ஒவ்வொரு பழமாப் பொறுக்கியிருந்தாத்தான் இப்படி வரும். எண்பத்தஞ்சை யாரு வேணா பண்ணியிருக்கலாம், வானம் பண்ணிக் குடுத்துது. இது கை பண்ணினது. சத்தியமா சொல்றேன், நீ பண்ணினதுலயே இதுதான் ஒசத்தி. நான் பொறந்தேன்னுதானே இவ்வளவு பாடுபட்டே?"

இந்த இடத்தில் எவாசியோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீவெஸ் முகத்தைச் சுளித்துக் கீழே ஊற்றியிருந்தால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். அந்தப் பொய்யோடு குழிக்குள் போயிருப்பார். மனசாட்சி அவரை நாற்பது வருஷம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எங்கள் மலைக்காரன் எந்தப் பாவத்தைத் தூக்கிச் சுமந்தாலும், பக்கத்துத் தோட்டக்காரன் ஒயினுக்கு வந்த பாராட்டைத் தூக்கிச் சுமக்க மாட்டான். நீ பண்ணினதிலேயே இதுதான் உயர்த்தி என்று சொல்லிவிட்டாளே! அது அவர் நெஞ்சில் போய் அடைத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் வந்த கடைசி வார்த்தைகள் இன்னும் ஆழத்தில் போய்த் தைத்தன.

"அது ரெமீஜோவோடது," என்றார்.

"எது?"

"இந்த ஒயின். வியாழக்கிழமை போய்த் தூக்கிட்டு வந்தேன்."

நீவெஸ் சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப என்னோடது எங்கே?"

எல்லாவற்றையும் சொன்னார். லாரி, குழாய், இர்மாவிடம் சொன்ன பொய், எண்பத்தைந்து, சாக்குக்கு அடியில் கிடக்கும் அறுபது பாட்டில். அடுத்தது பையன் என்று போனில் சொன்னதைக்கூட விடவில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை அவருக்கு. நீவெஸ் ஜன்னலோரம் நின்று கேட்டாள்.

"எண்பத்தஞ்சு ஒசத்தியான ஒயின்தானேம்மா," என்று முடித்தார். "ஒனக்கு நல்லதைத்தான் வெச்சேன்."

"அனுப்பறதுக்கு முன்னாடி ருசி பாத்தீங்களா?"

கோபம் வந்தால் நீவெஸ் அப்பாவை நீங்கள் போட்டுப் பேசுவாள். அவள் வாழ்க்கையில் அது இரண்டு தடவைதான் நடந்திருக்கிறது.

"என்னது?"

"என் வருஷத்தை. லாரியில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சுப் பாத்தீங்களா? நல்லாயில்லன்னு தெரிஞ்சு அனுப்பினீங்களா?"

எவாசியோ கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்.

"இல்லம்மா."

"ஒரு சொட்டு?"

"இல்ல."

"நல்லாயில்லன்னு அனுப்பியிருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் நீவெஸ். மெதுவாகத்தான் சொன்னாள். "பாக்கக்கூட இல்ல."

கிளாஸை வைத்துவிட்டு வெளியே போனாள். எவாசியோவும் தன் கிளாஸைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே வைத்தார். அதைக் குடிக்கத் தனக்கு முகமில்லை என்று அவருக்குத் தோன்றியது. சாயங்காலம் வரை இரண்டு கிளாஸும் ஜன்னலோரம் அப்படியே இருந்தன.

அன்றிலிருந்து கல்யாணம் வரை வீட்டில் வேலைப் பேச்சு மட்டும்தான். மூணாம் தொட்டியில் பலகை தளர்ந்திருக்கு, பாருங்க. பெரிய பீப்பாயில் நாலு லிட்டர் குறையுது, ஊத்துங்க. எல்லாவற்றிலும் அந்த நீங்க. எவாசியோவுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. ஆனால் ரெமீஜோவின் பாட்டில்களை அவள் திருப்பி அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமையே நாற்பத்தேழையும் ஒவ்வொன்றாக எடுத்து, குழந்தையை நிற்கவைப்பது போல நிறுத்திவைத்திருந்தாள். எண்பத்தைந்தைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினாள். விற்றுவிடுங்கள், நல்ல ஒயின், பாவம் அது என்ன செய்தது என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் தொட்டிக்கருகில் நின்றுகொண்டு சொன்னாள்:

"நாளைக்கு ஒயினை நீங்கதான் ஊத்தணும்."

"சரிம்மா."

"ஒவ்வொரு மேசையிலயும் இது யாரோடதுன்னு சொல்லிட்டு ஊத்தணும்."

சொந்தத் தோட்டம் வைத்திருக்கிறவன் தன் ஒரே மகள் கல்யாணத்தில் பக்கத்து வீட்டுக்காரன் ஒயினை ஊற்றுவதா? அதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு? எங்கள் பக்கத்தில் ஒருவன் கடனில் வீட்டை இழந்தால்கூடத் தலைநிமிர்ந்து நடப்பான். இதற்கு அப்புறம் எப்படிக் காப்பிக்கடைக்குப் போவது?

"சொல்றேன்," என்றார்.

கல்யாண விருந்து ஊர்ப் பொதுக்கூடத்தில் நடந்தது. பன்னிரண்டு மேசை. வெளியே பனிமூட்டத்தில் சர்ச் கோபுரம்கூடத் தெரியவில்லை. உள்ளே வெண்ணெய் மணத்தோடு பாஸ்தாவும், ஒயினில் வேகவைத்த இறைச்சியும் வந்தன. காலையிலேயே திறந்துவைத்த பாட்டில்களில் முதலாவதை எவாசியோ எடுத்தார். கல்யாணக் கோட்டு தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

முதல் மேசையில் அவருடைய மச்சான்மார்.

"வாங்க மாமா, உங்க தகரத்தை ஊத்துங்க பாப்போம்," என்றான் ஒருவன்.

"இது ரெமீஜோவோட எண்பத்து நாலு. எம்பொண்ணுக்கு நான் வைக்கல."

கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் அதே வார்த்தையை அடுத்த மேசையில் சொன்னபோது இங்கே சிரிப்பு அடங்கிவிட்டது. நான்காம் மேசைக்கு வருவதற்குள் அவருக்கு முன்னாலேயே செய்தி போய்விட்டது. அங்கே கிழவர்கள் ஒன்றும் கேட்காமல் கிளாஸை நீட்டினார்கள். அப்படியும் அவர் விடவில்லை. ஒவ்வொரு மேசையிலும் நின்று, முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டுத்தான் ஊற்றினார். பின்னாலிருந்து பேச்சு வந்தது. ஆனால் அவர் எதிர்பார்த்த பேச்சு இல்லை. "என்னடா இது, நின்னு பேசுதே" என்று யாரோ சொன்னார்கள். "எண்பத்து நாலா? சத்தியமா எண்பத்து நாலா?" என்றார் இன்னொருவர். ஒருவர் தன் எண்பத்து நாலை லாரிக்கு விட்டதை நினைத்தோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். அந்த வருஷம் லாரிக்கு விட்டவர் எவாசியோ மட்டும் இல்லையே.

பதினோராம் மேசையில் ரெமீஜோ.

"இது யாரோட ஒயினு?" என்று கிளாஸை நீட்டினார்.

"உன்னோடதுதான்டா."

"காது கேக்கல. வயசாயிடுச்சு."

"இது ரெமீஜோவோட ஒயின்!" என்று எவாசியோ கத்தினார். கூடமே சிரித்தது. ரெமீஜோவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அவருடைய எண்பத்து நாலு கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. மறுபடி மறுபடி சிந்தினார்.

கடைசியாகப் பெண்ணும் மாப்பிள்ளையும். லீவியோ கிளாஸை நீட்டினான், ஊற்றினார். நீவெஸின் கிளாஸிலும் ஊற்றினார். அவள் அதை எடுக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. மற்ற மேசைகளுக்கெல்லாம் சொன்ன வார்த்தை இங்கே போதாது என்பதும் புரிந்தது.

"நீவெஸ்," என்றார். "இது உன் வருஷம். நீ பொறந்தப்ப இது தேறாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். மழையைப் பாத்தேன். பொண்ணுன்னு கேட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் பாக்கல. ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாக்கல. வெச்சுப் பாத்திருக்கணும்மா."

லீவியோ எழுந்து அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி மேசையில் வைத்தான்.

நீவெஸ் தன் கிளாஸை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்பப் பாருப்பா."

எவாசியோ கிளாஸை எடுத்தார். மோந்து பார்த்தார். குடித்தார். முதலில் துவர்ப்பு வந்து வாயைப் பிடித்தது. அவசரப்படாமல் நின்றார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது: ரோஜா, தார், ஈர இலை. கடைசியில், விழுங்கிய பிறகு, அவள் சொல்லாத ஒன்றும் வந்தது, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே அந்த லேசான கசப்பு. கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

"நல்லாருக்கும்மா," என்றார். "ரொம்ப நல்லாருக்கு."

நீவெஸ் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருப்பா," என்றாள். "நின்னுக்கிட்டே குடிக்கிற ஒயின் இல்ல இது."